சைரெமி வேலியோடு நின்ற நாள்

யார் வீட்டில் பன்றி தீனி எடுக்கவில்லை என்றாலும் சைரெமிக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. காதில் விழுந்தால் போதும், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிடுவாள். எங்கள் மிசோ மலையில் கூப்பிட்ட பிறகு போவது உதவியில் சேராது. புருஷன் சாலை வேலையில் மண் சரிந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியது ஒரு தாய்ப்பன்றியும் அதன் குட்டிகளும்தான். உலையில் போடுமுன் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியை டப்பாவில் எடுத்து வைப்பாள். மீதி நேரமெல்லாம் அக்கம்பக்கத்துக்கு.

பன்றிக்குப் பேறு பார்ப்பதில் அவளுடையது ராசியான கை. குட்டி குறுக்கே நின்றால் எண்ணெய் தடவிய கையை விட்டு, நோகாமல் திருப்பி எடுத்துவிடுவாள்.

"சைரெமி அக்கா கை வெச்சா செத்த பன்னிகூட எந்திரிச்சு, நன்றி சொல்லிட்டுத்தான் மறுபடி சாகும்" என்று பக்கத்து வீட்டு லியான்சிங்கி சிரிப்பாள். கோயிலில் இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே பாட்டுப்புத்தகம்.

அந்த மழைக்காலத்தில் சைரெமியின் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. முதலில் சாம்பல் நிறத்தில் கூழாகப் போனது, பிறகு சளியும் ரத்தமுமாக. விலா ஒட்டி, முதுகு வளைந்து நின்றன. சேம்பிலைக் கஞ்சியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கொய்யாக் கொழுந்தை அவித்து ஊற்றினாள். மண்டியிட்டு ஜெபித்தாள். தாய் போயிற்று, குட்டிகளும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

அந்தத் துக்கத்திலும், அதே சரிவில் இருந்த ரூவாலா வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், கொட்டில் கழுவ ஆளில்லை என்று கேள்விப்பட்டாள். அதே பூட்ஸ், அதே வாளியோடு போனாள். பிறகு தையல்காரி வீடு, பிறகு மூங்கில் வெட்டுகிறவன் வீடு. போன இடத்திலெல்லாம் ரத்தக் கழிச்சல் வந்தது. வந்த இடத்துக்கெல்லாம் மறுபடி சைரெமி போனாள்.

கால்நடை டாக்டரம்மா ஜீப்பில் வந்தாள். ரூவாலா வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள்.

"இது குடல்ல வர்ற கிருமி. கழிச்சல்லயே இருக்கும். ஒரு கொட்டில்லருந்து இன்னொண்ணுக்கு அதுவா நடந்து போகாது. யார் எங்கெல்லாம் போனீங்க?"

செய்த உதவியைத் தானே சொல்லிக்கொள்வது எங்களிடம் வெட்கக்கேடு. ரூவாலாதான் சைரெமியைக் காட்டிப் பெருமையாக ஆரம்பித்தார்.

"உங்களுக்கு முன்னாடி எங்களுக்கு இவங்கதான் டாக்டர். முதல்ல எங்க வீடு, அப்புறம் தையல்காரி வீடு, அப்புறம்..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் இறங்கிவிட்டது. பன்றிகள் விழுந்த வரிசையும் அதுவேதான். டாக்டரம்மா சைரெமியின் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"சுண்ணாம்பு போடுங்க, மருந்து தர்றேன். ஆனா நீங்க இனிமே யார் கொட்டிலையும் மிதிக்கக் கூடாதும்மா."

அந்தச் சரிவில் நோய் தொடாமல் மிஞ்சியது லியான்சிங்கியின் சினைப்பன்றி ஒன்றுதான். அந்த வீட்டின் அடுத்த வருஷத்துச் சோறு அதன் வயிற்றில் இருந்தது.

மழை கொட்டிய ஒரு காலையில் லியான்சிங்கி அலறினாள். "அக்கா! குட்டி குறுக்கே நிக்குது! ஓடி வா!"

சைரெமி ஓடினாள். மூங்கில் வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வரமாட்டேன்டி. எண்ணெய் தடவி நீயே கையை விடு. காலைத் தேடிப் பிடி."

"எனக்கு என்ன தெரியும்? பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு வாயேன்!"

அன்று விடியலில்தான் தன் கடைசிக் குட்டியைக் கையால் தூக்கிப் புதைத்திருந்தாள். எத்தனை கழுவியும் நகக்கண்ணில் அந்த வாடை இருந்தது.

"வரமாட்டேன். மெதுவா உள்ள தள்ளித் திருப்பு."

"ஊர்ப் பன்னிக்கெல்லாம் ஓடினியே! என் பன்னிக்கு மட்டும் உனக்குக் கால் வரலையா?"

சைரெமி வேலியை விடவில்லை. அங்கிருந்தே கத்திக் கத்திச் சொன்னாள். பாதி மழையில் கேட்கவில்லை. குட்டிகள் பெரும்பாலும் செத்தே விழுந்தன. இரண்டு பிழைத்தன, தாயும் பிழைத்தது. முழங்கை வரை ரத்தத்தோடு லியான்சிங்கி வேலியருகே வந்தாள்.

"போதுமா?" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டுப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதும் விடிந்ததும் சைரெமி லியான்சிங்கியின் வேலி வரை போவாள். வீட்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கொட்டிலுக்கு அடியிலிருந்து வழியும் தண்ணீரை மட்டும் குனிந்து பார்ப்பாள். சிவப்பு இல்லை. திரும்பி வந்து உலை வைத்து, ஒரு பிடி அரிசியை டப்பாவில் போடுவாள்.