டைல்ஸ்காரரின் இத்தாலியன்

முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள். படுக்கை விரிப்பை மாற்றும்போதும், யாரையாவது கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப் போகும்போதும் அவள் வாய் ஓயாது. அந்தப் பேச்சுக்கு ஈடுகொடுத்தவர் அங்கே ஒருவர்தான், மாடியில் ஜன்னல் அறையிலிருந்த டைல்ஸ்காரர். வாலிபத்தில் இத்தாலியிலிருந்து தரை பாவும் வேலைக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, ஒரு மகனைப் பெற்று, மனைவியைப் பறிகொடுத்தவர். நம் பேச்சில் நமக்கே பாடம் எடுப்பார். அவள் தரை துடைத்தால், "மூலையை விட்டுட்டியே, மாமியார் வீட்லயும் இப்படித்தானா?" என்பார். மூலையே இல்லாமல் தரை போட்டிருக்கலாமே என்று அவள் திருப்புவாள்.

ஒருநாள் காலைப் பலகாரத்தின்போது அவர் வாய் கோணிக்கொண்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கைகால் ஓரளவு தேறியிருந்தது, பேச்சும் வந்தது. ஆனால் வந்தது இத்தாலியன் மட்டும். பிற்பாடு கற்றது முதலில் போய்விடுவதுண்டு என்றார் டாக்டர். அவள் வழக்கம்போல் பேசப் பேச, அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் பார்ப்பதுபோல அல்ல. கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை பார்ப்பதுபோல.

அன்று மாலையே அவள் போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டாள். பஸ்ஸில் நின்றபடி தண்ணீர், வலி, குளிர், பசி என்று முணுமுணுத்தாள். அவள் கணவர் லாரி மெக்கானிக். "ஆமாங்கறதுக்கு சீ, நீங்கறதுக்கு தூ. உனக்குன்னே செஞ்ச பாஷை மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

தண்ணீர் வேண்டுமா என்று அவள் முதன்முதலாக இத்தாலியனில் கேட்டதும், டைல்ஸ்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கொட்ட ஆரம்பித்தார். அங்கேதான் வினையே வந்தது. கேள்வி கேட்க அவளுக்குத் தெரிந்தது, பதில் புரியவில்லை. அவர் மடை திறந்துவிட்டார், அவள் கையில் இருந்ததோ ஒரு டம்ளர்.

எனவே வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள். நடத்தியது இத்தாலியின் தென்கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஓர் அம்மாள். முதல் நிலையை அவள் தாயின் இடுப்பில் உட்கார்ந்து போகும் குழந்தைபோலக் கடந்தாள். இரண்டாம் நிலையில் இறக்கிவிட்டு நடக்கச் சொன்னார்கள். ஒரே தடவை நடந்து முடிந்ததற்கு ஓர் இறந்தகாலம், முன்பெல்லாம் வழக்கமாக நடந்ததற்கு வேறொன்று. ஆசைப்படுவதற்கும் சந்தேகப்படுவதற்கும் வினைச்சொல் தனியாக முகம் மாற்றிக்கொள்ளும். 'ஓநாய் வாய்க்குள்' என்று சொன்னால் அது வாழ்த்து. கூடப் படித்த இளவட்டங்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வரும் அவளுக்கு எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன.

ஒரு வகுப்பில் மரியாதைச் சொல் வந்தது. மூத்தவர்களையும் அந்நியரையும் 'தூ' என்று சொல்லக்கூடாது, 'லேய்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் அம்மாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா வயசு மனிதரை இத்தனை நாளும் நீ, வா, போ என்று பேசியிருக்கிறாளே! செயலி அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. மறுநாள் பக்குவமாக 'லேய்' போட்டுப் பேசினாள். டைல்ஸ்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். நெருங்கியவர் திடீரென்று மரியாதை கொடுத்தால் அது கோபத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று அம்மாள் அடுத்த வகுப்பில் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. மறுபடி 'தூ' போட்டாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

அவள் இரண்டாம் நிலையில் பாதி தாண்டியிருந்தபோது அவர் பேச்சு மாறத் தொடங்கியது. சொற்களின் வால் அறுந்தது. பழகிய சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல்போய், கேட்டேயிராதவை வந்து உட்கார்ந்தன. தன் காதுதான் மந்தம் என்று நினைத்து அவள் இன்னும் விழுந்து விழுந்து படித்தாள். படிக்கப் படிக்க அவர் தூரம் போனார். கடைசியில் அவர் பேசுவதைப் போனில் பதிவுசெய்து, வகுப்பு முடிந்ததும் அம்மாளிடம் போட்டுக் காட்டினாள். அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எனக்கும் புரியலைங்க. நாங்க பள்ளிக்கூடத்துல படிச்ச இத்தாலியன் இது இல்ல. இது வடக்கே அவரு மலைப்பக்கத்து ஊர்ப் பேச்சா இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு."

"அதுக்கு வகுப்பு எங்க நடக்குது?"

அம்மாள் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான்.

மகன் வந்தபோது அவனையும் கேட்டுப் பார்த்தாள். அப்பா ஊரிலிருந்த பாட்டியோடு போனில் மட்டும்தான் அப்படிப் பேசுவார், தனக்குச் சொல்லித்தரவேயில்லை என்றான் அவன். கட்டிலைச் சுற்றி நின்ற இருவரையும் டைல்ஸ்காரர் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். இருவரும் தலை குனிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். குரல் மேலே ஏறி நிற்பதால் கேள்வி என்பது மட்டும் தெரியும். தண்ணீரைக் காட்டினாள், போர்வையைக் காட்டினாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து மறுத்துவிட்டு மறுபடி கேட்டார். ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் அவள், "சீ" என்று சொல்லிவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. தலையணையில் நிமிர்ந்து உட்கார முயன்றார். சட்டைப் பித்தானைப் போட்டுவிடச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு கதவைப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம்வரை பார்த்தார். மறுநாளும் பார்த்தார். யார் வந்தாலும் எட்டிப் பார்த்து, இல்லை என்று சாய்ந்துகொண்டார். எதற்குச் சரி என்றோம், யாரை வரச்சொல்லிவிட்டோம் என்று அவளும் கதவையே பார்த்தாள். இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இத்தாலியனில் சொல்லிப் பார்த்தாள். பிழையில்லாத இத்தாலியன்தான். அது அவருக்கு எட்டவில்லை.

அந்தக் கேள்வியையும் அவள் பதிவுசெய்து கொடுக்க, அம்மாள் அதை இத்தாலியின் வடக்கே தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்களா என்று கேட்கிறார் என்றார் ஒருவர். பனியில் பாதை அடைத்துவிட்டதா என்றுதான் இருக்கும் என்றார் இன்னொருவர். நிச்சயமாகச் சொல்ல யாருமில்லை.

அதன்பின் அவள் இத்தாலியனை விட்டுவிட்டுத் தன் பேச்சிலேயே அவரிடம் பேசினாள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, கணவருக்கு முதுகுவலி வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். சில சமயம் அவர் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார். சில சமயம் பாதியில் கையை உயர்த்தி நிறுத்தி, அந்தக் கேள்வியைக் கேட்பார். அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். பதில் சொல்லமாட்டாள்.

மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க அவள் லீவு போட்டிருந்த நாளில் அவர் போய்விட்டார். திரும்பி வந்தபோது மெத்தை சுருட்டிவைக்கப்பட்டிருந்தது. மகன் துணிகளை எடுக்க வந்திருந்தான். அவள் சட்டைகளை மடித்துக்கொடுக்க, அவன் பையில் அடுக்கினான்.

"அக்கா, நீங்கதான் அவ்வளவு படிச்சீங்க. அப்பா கடைசில என்னதான் கேட்டாரு?"

"தெரியலை தம்பி" என்றாள் அவள். "எனக்குத் தெரியலை."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டைக்குக் கை நீட்டினான்.