பேரிங் பலகையில் ஒரு போட்டோ

நின்றுகொண்டு வந்தான். அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. பேரிங்கைச் சக்கரமாக மாட்டி உட்கார்ந்து ஓட்டுகிற பலகையில் ஒருத்தன் நிமிர்ந்து நிற்கிறான். பிடித்துக்கொள்ளக் கயிறு கிடையாது, கட்டை கிடையாது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கால்வாய்ப் பாலத்துச் சரிவில் கடகடவென்று இறங்கி, என் சைக்கிளை உரசிக்கொண்டு போய், ரோட்டோரப் புழுதியில் குதித்தான். நான் சைக்கிளோடு கீழே கிடந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்த அவசரம் வேறு.

"சாவறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலியாடா?" என்று கத்தினேன்.

"அண்ணாத்தே, நீங்க எய்ந்துக்கலாம். பொட்டி ஒடையலியே, அத மொதல்ல பாருங்க" என்றான். பொட்டி என்றது என் கேமராவை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் திருப்பாச்சூர் என்றாலும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். அப்போதுதான் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. லாரி போவதற்கென்று அகலமாகத் தார் ரோடு போட்டார்கள். கால்வாயைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் ரோடு மேடேறி இறங்கும். நம் பக்கத்துப் பொட்டல் வெளியில் அந்த ஒரு சரிவைக் கண்டால் வாலிபப் பையன்களுக்குக் கை சும்மா இருக்குமா? மெஷினில் தேய்ந்துபோய்க் கழற்றி எறிந்த பால்பேரிங்கையும் சரக்கு வந்த பெட்டியின் பலகையையும் சேர்த்து வண்டி செய்துவிட்டார்கள். ஷிப்டு முடிந்து, நாஷ்டாவைக்கூட மறந்துவிட்டு, மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் வரிசையில் நின்று சறுக்குவார்கள். இன்றைக்கு ஸ்கேட்போர்டு என்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் பலகை என்றுதான் பெயர்.

திட்டிவிட்டுப் போன நான், மறு ஞாயிற்றுக்கிழமையே கேமராவோடு அங்கே போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஸ்டூடியோவில் வருகிறவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்காருவார்கள். "சிரிங்க" என்றால் பயப்படுவார்கள். இங்கேயோ ஒருத்தனும் என்னைச் சட்டை செய்யவில்லை. பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைப்பார்கள். முட்டி சிராய்த்தால் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்கு ஏறுவார்கள். ஒருத்தன் பலகையை இன்னொருத்தன் கேட்டால் சண்டை, கொஞ்ச நேரத்தில் ஒரே பீடியை இழுத்துக்கொண்டு இருவரும் கிசுகிசுப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்தேன். "பிலிம் இன்னா உங்க மாமனார் ஊட்டு சீதனமா?" என்று வீட்டில் ஏச்சு விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

நின்றுகொண்டு போகிறவனை எல்லோரும் ஏரிக்காரன் என்பார்கள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. வயது இருபதைத் தாண்டியிருக்கும். எப்போதும் வலது கையில் ஒரு துண்டைச் சுற்றியிருப்பான். அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சரிவில் அவன் வேகமெடுத்தபோது துண்டு பறந்துவிட்டது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். அருமையான படம் சிக்கியது என்று குஷியாக இருட்டறைக்குப் போய்க் கழுவினேன். மருந்துத் தண்ணீரில் படம் மெல்ல ஏறி வருகிறது. முகம் வந்தது, பலகை வந்தது, இடது கை வந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் வந்தது. பிலிமில் ஏதோ கோளாறு என்று அடுத்ததைக் கழுவினேன். அதிலும் அப்படியே. பதறிப்போய் மருந்துத் தட்டையே கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிரஸ் மெஷின் நான்கு விரலையும் வாங்கிவிட்டதாம். வேலையிலிருந்து எடுத்துவிடாமல் ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்களாம். கயிற்றைப் பிடித்து ஓட்ட முடியாது, அதனால்தான் நின்று பழகியிருக்கிறான்.

"ஊட்டுல தெரியுமா?" என்றேன்.

அப்போதுதான் அவன் முகம் செத்துப் போனதைப் பார்த்தேன். "தெரிஞ்சா எங்கம்மா உசுரே பூடும் அண்ணாத்தே. எங்க நைனா முகத்துவாரத்துல தோணி கவுந்து போனவரு. ஏரி வேணாம், கம்பெனிக்குப் போ, அங்க ஒரு ஆபத்தும் கெடையாதுன்னு எங்கம்மாதான் அய்து பொரண்டு என்ன அனுப்பிச்சுது. இந்தக் கையி அது கண்ணுல படவே கூடாது."

அதனால் ஊருக்கே போகாமல் இருந்தான். முன்பெல்லாம் தன் கையால் கடுதாசி எழுதுவான், இப்போது எழுதவும் முடியாது. வேறு யாராவது எழுதிக் கொடுத்தால், ஊரில் படித்துக் காட்டுகிறவர் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அம்மாவோ போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பிள்ளையை விசாரிக்கிறாளாம். "ஒரே ஒரு போட்டோ புடிச்சிக் குடு அண்ணாத்தே. நல்லா கீறேன்னு பாத்துக்கினு சும்மா இருக்கும்" என்றான்.

ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார வைத்தால் கை மடியில் வந்து நிற்கும். நிற்க வைத்தால் தொங்கும். பின்னால் கட்டச் சொன்னால் போலீஸ் பிடித்த திருடன் மாதிரி இருக்கிறான். கடைசியில் அவனே யோசனை சொன்னான். சரிவில் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லுங்கியை இழுத்து மூடிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் ஊன்றிச் சாய்ந்து சிரித்தான். வெயில் முகத்தில் அழகாக விழுந்தது. கை துளியும் தெரியவில்லை. படம் பிரமாதம். இன்றைக்கும் சொல்வேன், அது பிரமாதமான படம். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையைக் குத்தி, கவரில் போட்டு நானே தபாலில் சேர்த்தேன்.

கொஞ்ச நாள் போயிருக்கும். காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஓலம். எழவு வீட்டு ஒப்பாரி. திரும்பிப் பார்த்தால் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு கூட்டம். தலைவிரி கோலமாக ஒரு அம்மா உள்ளே பாய்ந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"எம்புள்ள காலு எங்கடா? சொல்றா! எம்புள்ள காலு எங்க?"

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அந்தப் படத்தை எடுத்து என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். "அமாவாசைக்கு அமாவாசை எம்புருசனுக்குத் திதி குடுக்க திருவள்ளூரு போறேன்யா. குளத்தாண்ட காலு இல்லாதவன் எல்லாம் இப்டித்தான்யா பேரிங்கி பலகையில குந்திக்கினு பிச்ச எடுக்கிறான். எங்கையால காசு போட்டிருக்கிறேன்யா! எம்புள்ளயும் இப்ப அப்டியா குந்திக்கினு கீறான்?"

அடக் கடவுளே! படத்தைப் பார்த்தேன். லுங்கிக்குக் கீழே கால் இல்லை. சக்கரம்தான் இருக்கிறது. எத்தனையோ அமாவாசைக்கு நானும்தான் அந்தக் குளக்கரைக்குப் போயிருக்கிறேன், நானும்தான் அவர்களைத் தாண்டி நடந்திருக்கிறேன். ஆனால் இத்தனை நாள் இந்தப் பையன்களோடு திரிந்த என் கண்ணுக்குப் பலகை என்றால் வேகம். அந்தம்மாவுக்கு அது வேறு. "ஐயோ, காலு இருக்குதும்மா! ரெண்டும் இருக்குதும்மா!" என்று நான் கத்தியது அந்தக் கூச்சலில் யார் காதிலும் ஏறவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் கம்பெனிக்குப் பறந்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஏரிக்காரன் சுவரில் சாய்ந்துவிட்டான். "எங்கம்மாவா வந்துகீது?" என்றான். துண்டை எடுத்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

ஸ்டூடியோவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி நடந்து போனான். அவன் நடந்து வருவதை அந்தம்மா பார்த்தாள். ஒப்பாரி சட்டென்று நின்றது. ஓடி வந்து நடு ரோட்டில் அவன் காலடியில் உட்கார்ந்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், ஆடுசதையை நறுக்கென்று கிள்ளினாள். அவன் "ஆ!" என்றதும் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அந்த வேகத்தில் அவன் கையைப் பிடித்து இழுக்க, துண்டு அவிழ்ந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இதுக்காடா ஊட்டாண்ட வராத கெடந்த? கய்தே!" என்று அவள் குரல் கேட்டது. "வெரலுதானேடா? போனா போவுது போ. காலு கீதே, அது போதும்டா எனக்கு!" அந்த மொண்ணைக் கைக்கு முத்தம் கொடுத்தாள். கூட வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏரிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எதற்குப் பயந்து இத்தனை மாதம் ஒளிந்தானோ அது இவ்வளவு சுளுவாகப் போய்விட்டதே என்று எனக்கும் மலைப்பாக இருந்தது.

"வாங்க, எல்லாரும் சாப்ட்டு போலாம்" என்று மத்தியானம் ஸ்டேஷன் எதிரில் இருந்த மெஸ்ஸுக்கு எல்லோரையும் அழைத்துப் போனேன். அந்தம்மா மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். ஒரே பேச்சு. என்னைத் திட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இனிமே போட்டோ புடிச்சா கால மொதல்ல புடி நைனா" என்று என்னைக் கேலி பண்ணினாள். இலை போட்டுச் சோறு வைத்தார்கள், குழம்பு ஊற்றினார்கள்.

ஏரிக்காரன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். பேசிக்கொண்டே திரும்பிய அந்தம்மா, பட்டென்று அவன் கையில் ஓர் அடி போட்டாள். எந்தத் தாயும் போடுகிற அடிதான். பருக்கைகள் என் இலை வரைக்கும் தெறித்தன.

"பீச்சாங்கையில சோத்த தொடுற? இன்னாடா பழக்கம் இது?"

அவன் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. "இனிமே இதாம்மா சோத்துக் கை" என்றான்.

அடித்த கை அந்தரத்திலேயே நின்றது. பரிமாறுகிறவர் ரசம் வாளியோடு வந்து நின்று, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஏரிக்காரன் மட்டும் சிந்திய சோற்றை இடது கையால் கூட்டிச் சேர்த்து, மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.