யாருக்கும் பிடிக்காத உறை

1. முதல் நாள்

கண்டியில் நான் வேலை பார்த்தது ஒரு கொப்பிக் கடை, பள்ளிக்கூட நோட்டுகள் விற்கும் கடை. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது, வாங்குகிற கொப்பிகளுக்கு அங்கேயே உறையும் போட்டுக் கொடுப்போம். அந்த வேலைக்குத்தான் என்னைச் சேர்த்தார்கள். புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். முதலாளி திகனக்காரர். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள்.

"புள்ள, மடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஹாஜியார்."

"அப்ப போதும். இது கொப்பி, கல்யாணப் பொண்ணில்ல. சோடிக்க வேணாம்."

அந்தக் கட்டளையை மதியம் வரைக்கும் கடைப்பிடித்தேன். மதியம் பிரவுன் பேப்பர் முடிந்துவிட்டது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். விற்காமல் கிடந்த பழைய கலண்டர்களைக் கிழித்து உறை போட்டேன். வாங்கியவர்கள் பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டினார்கள். பிரவுன் பேப்பரில் போட்டுக்கொண்டவர்கள் திரும்பி வந்து மாற்றித் தரச் சொன்னார்கள். மறுநாள் வாசலில் 'அலங்கார உறை போடப்படும்' என்று ஹாஜியார் ஒரு பலகை தொங்கவிட்டார்.

2. முருகனும் கணக்கும்

ஒரு வாரம் கழித்து ஓர் அம்மா கணக்குக் கொப்பியோடு வந்தார். நான் போட்ட கலண்டர் உறைதான். அட்டையில் முருகன், மயிலோடு.

"எங்க பய இதத் தொறக்கவே மாட்டேங்குறான். தொட்டுக் கும்புடுறான், அப்படியே வச்சுடுறான். சாமி மேல கைய ஊனி எப்படி எழுதுறதுன்னு கேக்குறான்."

முருகனைச் சேதமில்லாமல் கழற்றிக் கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். கொப்பிக்கு ஓர் அருவிப் படம் போட்டேன். அதற்குப் பிறகாவது பையன் கணக்குச் செய்தானா என்று தெரியாது.

அந்த வருடம் இன்னும் சில விஷயங்கள் கற்றேன். துணியில் நேராகப் பசை தடவினால் ஊறி மறுபக்கம் வந்துவிடும். முதலில் துணிக்குப் பின்னால் மெல்லிய காகிதம் ஒட்ட வேண்டும். பொத்தான் தைப்பதென்றால் முன் அட்டையின் ஓரத்தில் தைக்க வேண்டும். நடுவில் தைத்தால் எழுதும்போது கை இடறும். அடுக்கி வைத்தாலும் கொப்பிகள் சரிந்து விழும். பன்னை என்கிற பெரணி இலையைப் பாரமான புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட்ட பிறகே ஒட்டலாம். பச்சையாக ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

3. தெல்தோட்டை ஆர்டர்

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ராஜேஸ்வரி டீச்சர் வந்தார். யாரோ புண்ணியவான்கள் அவருடைய வகுப்புக்குக் கொப்பி கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நீலம்.

"ஒண்ணாம் ஆண்டுப் புள்ளைங்க. பேரு எழுதி ஒட்டுனாலும் வாசிக்கத் தெரியாது. தெனமும் மாறிப் போகுது, தெனமும் சண்டை. செல்வின்னு ஒரு புள்ள, தெரியாம வேற புள்ள கொப்பிய எடுத்துட்டுப் போயிருச்சு. எல்லாம் சேந்து கள்ளின்னு கூப்புட்டு, இப்ப அவ வர்றதே இல்ல. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லாம உறை போட்டுத் தாங்க."

பக்கத்துத் தையல்கடையில் வெட்டுத்துண்டுகள் கேட்டு வாங்கினேன். பூத்துணி, கோடுத்துணி, ஜரிகைக் கரை, தீப்பெட்டிப் படம், பன்னை இலை எல்லாம் சேர்த்து ஒவ்வோர் உறையையும் ஒவ்வொரு விதமாகச் செய்தேன். வழியில் நனையாமல் இருக்கச் சாக்கில் சுற்றி, தையல் பையும் கையுமாக நானே பஸ்ஸில் கொண்டுபோனேன்.

டீச்சர் சொல்லியனுப்பியதால் செல்வியின் அம்மா அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் மகளைக் கூட்டிவந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். செல்வி அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள்.

"பாப்பா, ஒனக்குப் புடிச்சத எடுத்துக்க," என்றேன்.

"யாருக்கும் புடிக்காதது குடுங்க."

"ஏன்?"

"அப்பத்தான் வேற யாரும் 'அது என்னோடது'ன்னு சொல்ல மாட்டாங்க."

அவளுடைய அம்மா தரையைப் பார்த்தார். நான் தையல் பையைத் திறந்தேன். கொண்டுவந்ததில் யாருக்கும் பிடிக்காதது ஒன்றும் இருக்கவில்லை. சுற்றி வந்த சாக்கை வெட்டி, கொப்பியில் வைத்து, தடித்த நூலால் ஓரம் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அவலட்சணமாக ஓர் உறை செய்ததில்லை. பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

செல்வி வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"நாறுது," என்றாள். திருப்தியாகத்தான் சொன்னாள். போய் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் டீச்சர் திரும்பக் கடைக்கு வந்தார்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் சாக்கு உறைதான் வேணுமாம். பூத்துணிய பிச்சே போட்டுட்டாங்க."

"செல்வி வருதுங்களா?"

"ஒரு நாளும் தப்பாம வர்றா. 'எல்லாம் என்னையப் பாத்துச் செய்றாங்க மிஸ்'னு தெனமும் என்கிட்டப் புகார்."

எல்லோருக்கும் சாக்கு உறை போட்டால் பழைய குழப்பமே வந்துவிடும். அதனால் சாக்குத் துண்டுகளோடு கலர் நூலும் கொடுத்து, ஆளுக்கொரு அடையாளத்தை அவரவரையே தைக்கச் சொன்னேன். மாடு, குடை, பஸ் என்று தைத்தார்களாம். செல்வி மட்டும் தனக்கு அடையாளம் ஒன்றும் வேண்டாம் என்றாளாம். தன்னுடையதுதான் முதல் உறை என்று எல்லோருக்கும் தெரியுமாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த நிறம், எந்தப் பூ என்று கேட்பதற்கு முன்னால், கொப்பி யாருடையது, அதனால் அவருக்கு என்ன தொல்லை என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கத்தரிக்கோலை எடுத்தால் போதும்.