தொண்டை மறந்த வேலை

பனியன் கம்பெனியில் காலை டீ நேரம். நான் குடித்த முதல் வாய் டீ மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. செக்கிங் மேசையில் உடனிருந்த பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எழுந்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த நாட்களில் கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவரிடம்தான் செல்போன் இருந்தது. அதில் பேசி என் கணவரை வரவழைத்தார்கள்.

மூளைத்தண்டில் (மூளையின் அடிப்பகுதி, விழுங்குவதும் மூச்சுவிடுவதும் அதன் பொறுப்பு) இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் கோவை மருத்துவமனையில். உயிர் தப்பியது. கைகால்கள் இயங்கின. தொண்டை மட்டும் விழுங்க மறந்துவிட்டது.

மூக்கு வழியே போட்ட குழாயில் என் கணவர் கஞ்சி ஊற்றினார். வயிறு நிறையும், வாய் காய்ந்தே கிடக்கும். அவர் வராந்தாவில் டீ குடித்துவிட்டு, எனக்கு வாசம் தெரியக்கூடாதென்று வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். எனக்குத் தெரியும்.

பிறகுதான் மறுவாழ்வு மருத்துவர் வந்தார். ஆபத்து விலகிய பிறகு, உடம்பில் மிச்சமிருக்கும் திறனைக் கொண்டு அன்றாட வாழ்க்கையை மீட்டுத் தருவது அவர் வேலை. அப்படியொரு மருத்துவர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"உங்களுக்கு முதல்ல என்ன வேணும், சொல்லுங்கம்மா."

"தண்ணிங்க," என்றேன். குரல் வெறும் காற்றாக வந்தது.

"அதுதாங்க கடைசியா வரும். தண்ணி வேகமா ஓடி நுரையீரலுக்குள்ள போயிரும். கெட்டியா இருக்கறதுல ஆரம்பிக்கலாம்."

"பழையபடி ஆயிருமுங்களா?"

"ஆகாதுங்கம்மா. ஆனா சாப்பிடுவீங்க."

நான் விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்த்தார். தொண்டையின் வலப்பக்கம் அசையவில்லை. முகத்தை வலப்பக்கம் திருப்பித் தாடையைத் தாழ்த்தினால், உணவு நல்ல பக்கம் வழியாக இறங்கியது. தினமும் பயிற்சி. இருமினேன், அழுதேன். குழாயை எடுக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்கும் பிறகுதான் அவர் ஒரு ஸ்பூன் தண்ணீரை நீட்டினார்.

"எறங்கிருச்சுங்களா, டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"அவங்களையே கேளுங்க."

குளிர்ச்சி நெஞ்சுக்குழி வரை போயிருந்தது. "எறங்கிருச்சுங்க," என்றேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏக்கம் அத்தோடு தீர்வதில்லை. இன்றும் ஒவ்வொரு வாய்க்கும் நான் முகத்தைத் திருப்ப வேண்டும். போன மாதம் மூலனூரில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசைப் பெண் பேசிச் சிரித்தபடியே பாயசம் குடித்தாள். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நினைக்காமல் விழுங்குவது எப்படி இருக்கும் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

வரிசை எழுந்துவிட்டது. அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் வந்து நின்றார்கள். என் இலையில் பாதிச் சோறு இருந்தது.

"போலாமுங்க," என்றேன்.

பக்கத்தில் சாப்பிட்டு முடித்திருந்த என் கணவர் தன் இலையை மூடவில்லை. பரிமாறுபவரைக் கைகாட்டி அழைத்தார்.

"எனக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க."