இடாப்பில் செத்துப்போன சின்னாச்சி

1947ஆம் ஆண்டு முழுவதும் யாழ்ப்பாணம் குருநகரின் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சூசைதாசனுக்குக் கால் வலி. வெள்ளைக்காரன் அரசாங்கத்தைக் கையளித்துவிட்டுப் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதை. எந்தத் தேதியில் என்று அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எவருக்கும் தெரியவில்லை. போகிற அரசாங்கம் அரிசிக் கூப்பனைப் பற்றி இன்னும் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தது. வருகிற அரசாங்கத்துக்கு வாக்காளர் பெயர்ப் பதிவான இடாப்பு வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடந்து தேய்ந்தவை அவருடைய கால்கள்தான்.

1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபோது, வீட்டுப் படலை படலையாகத் தட்டிப் பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதியவர் அவர். அந்த முறை யாழ்ப்பாணம் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஒருவரும் போட்டியிட வரவில்லை. பாடுபட்டு எழுதிய இடாப்பு அலுமாரிக்குள் கிடந்தது. அதற்குப் பிறகு எந்த அரசாங்கப் பத்திரத்தைக் கண்டாலும் அவருக்கு ஆர்வம் எழுவதில்லை. கேட்டதை எழுதிக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

இந்த முறை அப்படி எழுதியதில்தான் பிழை நேர்ந்தது. ஒரே குறுகிய ஒழுங்கையில் இரண்டு சின்னாச்சிகள், இருவரும் விதவைகள். கனிசியஸின் மனைவி சின்னாச்சி மாசி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். இறந்தவர்களின் பெயர்களை வெட்டும்போது சூசைதாசன் அவளை விட்டுவிட்டு, செபநாயகத்தின் மனைவி, சந்தையில் மீன் விற்கும் சின்னாச்சியை வெட்டிவிட்டார்.

வாக்களிப்பு நாளன்று சின்னாச்சி மீன் எடுக்கப் போகவில்லை. கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசையில் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அம்மா, நீங்கள் இறந்துபோனதாக இருக்குது.”

வரிசை சிரித்தது. சின்னாச்சி சிரிக்கவில்லை. வாசலில் நின்ற சூசைதாசனிடம் வந்தாள்.

“விதானையார், நான் எப்பச் செத்தனான்?”

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவளை மதிலோரம் கூட்டிப்போனார்.

“என்ரை பிழைதான் அக்கா. மற்றச் சின்னாச்சியின்ரை பேர் வெட்டுப்படாமல் கிடக்குது. அந்தப் பேரைச் சொல்லி வோட்டுப் போடுங்கோ. ஒருத்தரும் கேளாயினம்.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

“செத்தவளின்ரை பேரிலை களவாய்ப் போடவோ வெயிலுக்கை நிண்டனான்?”

அவள் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கும் தெரிந்தது. அன்றிரவே உண்மையை எழுதி, பிழை தன்னுடையது என்று கையொப்பமிட்டுக் கச்சேரிக்கு அனுப்பினார். அதோடு தன்னை ஓய்வில் விடும்படியும் கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து மூன்று வரியில் பதில் வந்தது: இடாப்பு மூடப்பட்டுவிட்டது, ஆட்சி கைமாறும்வரை எவருக்கும் ஓய்வில்லை.

அடுத்த வருடம் மாசியில் ஆட்சி கைமாறியது; ஓய்வு பற்றிக் கடிதம் வரவில்லை. கொடியேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார்கள்; கூட்டிப்போனார், கூட்டிவந்தார். பங்குனியில் அடுத்த இடாப்புக்கான பத்திரங்கள் வந்தன. வெள்ளைக்கார மன்னரின் முடி பொறித்த அதே பழைய தாள்கள்.

முதல் வீடாகச் சின்னாச்சியிடம் போனார். அவள் மீன் சுமக்கும் கடகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எழுத வந்தனான் அக்கா.”

“எனக்கு வேண்டாம். ஒருக்காச் செத்தது காணும்.”

சூசைதாசன் முற்றத்து மரக்குற்றியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். எழும்பும் எண்ணமே அவருக்கு இல்லாதது போலிருந்தது. சின்னாச்சி கடகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“உந்தப் பேனையை எடுங்கோ. என்ன கேக்கிறியள்?”

“வயசு.”

“என்னை வெட்டேக்கை எத்தினை போட்டனீங்கள்?”

“அறுபத்தொண்டு.”

“ஒண்டைக் கூட்டுங்கோ.”

அறுபத்திரண்டு என்று எழுதினார். தண்ணீரைக் குடித்து முடித்து, எழும்பிக் கனிசியஸ் வீட்டுப் பக்கம் நடந்தார். அங்கே ஒரு பெயரை வெட்ட வேண்டியிருந்தது.