லண்டனில் ஐந்து நாள், வால்தம்ஸ்டோவில் மூன்று மணி நேரம்

போன செப்டம்பரில், காலாண்டு விடுமுறையில், நானும் என் மனைவி கலாவும் லண்டன் போய் வந்தோம். திங்கள் மதியம் இறங்கினோம், சனி காலை கிளம்பினோம். லண்டன் பார்க்க வேண்டும் என்பது கலாவின் பல வருட ஆசை. நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடையாது. அதனால் மூன்று மாதம் முன்பே திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக டிக்கெட் போட்டுவிட்டேன்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் அமலசீலன். என்னோடு திருச்சியில் பி.எஸ்ஸி. படித்தவன், மன்னார்க்காரன், இப்போது லண்டனில் பஸ் டிரைவர். வழக்கமாக ஊர் திரும்பிய மறுவாரமே பயணத்தைப் பற்றி எழுதிவிடுவேன். இதை எழுத ஜனவரி ஆகிவிட்டதற்கும் அவன்தான் காரணம்.

முதலில் வழிச்செலவு. ஹீத்ரோவிலிருந்து டாக்ஸி எடுக்காதீர்கள். பிக்காடில்லி லைன் ரயிலில் ஆளுக்கு ஆறு பவுண்டுக்குள் நகரத்துக்குள் வந்துவிடலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். தனியாகப் பயண அட்டை வாங்கத் தேவையில்லை. வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. நாங்கள் அதில் முழித்துக்கொண்டு நின்றபோது பின்னால் பெரிய வரிசையே சேர்ந்துவிட்டது. பாடிங்டன் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் அறை. பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது, அவ்வளவு பெரிய அறை.

சீலன் விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றுதான் சொன்னான். "லீவு எடுத்து வாறன் மச்சான். பெட்டியளோட உங்களுக்குக் கஷ்டம்." நான்தான் வேண்டாம் என்றேன். ரயிலில் வருவது ஓர் அனுபவம், அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏதோ சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை டவர் ஆஃப் லண்டன். ஆளுக்கு முப்பத்தைந்து பவுண்டுக்கு மேல். இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வேறெங்கும் பார்க்காமல் நேராகக் கிரீட நகைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய்விடுங்கள், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதினோரு மணிக்கு அதே வாசலில் முக்கால் மணி நேர வரிசை நின்றது. சிவப்புக் கரை வைத்த சீருடைக் காவலர்கள் இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள். யார் தலையை எங்கே வெட்டினார்கள் என்பதை அவர்கள் நகைச்சுவையாகச் சொல்வதும், கூட்டம் சிரிப்பதும் கலாவுக்குப் பிடிக்கவில்லை. "செத்தவங்க வீட்ல யாராவது கேட்டா எப்படி இருக்கும்?" என்றாள்.

அன்று மாலை அறைக்குத் திரும்பியதும் சீலன் கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நாளைக்கு ஷிப்ட் மாத்திப்போட்டன். புதன் முழுக்க உங்களுக்குத்தான். ஜெசிந்தாவும் லீவு. காலமை எட்டு மணிக்குக் காரோட ஓட்டல் வாசலில நிக்கிறன்." ஜெசிந்தா அவன் மனைவி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்ப்பவள்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "அடடா, நாளைக்கு வெஸ்ட்மின்ஸ்டருக்கு டிக்கெட் போட்டுட்டேனேடா. பணம் திரும்ப வராது."

"பரவாயில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு விடியக்காலமை ஷிப்ட், ரெண்டு மணிக்கு முடியும். மூண்டு மணிக்கு வால்தம்ஸ்டோ ஸ்டேஷனுக்கு வாங்கோ" என்றான்.

போனை வைத்ததும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். அதுவரை வாங்கியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த கலா, "புதன்கிழமை சும்மாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் அருமையான இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒன்றரை மணி நேரம் அதற்குள் நடந்தேன். காதில் மாட்டிய கருவி எந்த ராஜா எங்கே புதைந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஒன்றுமே மனதில் ஏறவில்லை. அதனால் அந்த இடத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வேறு யாராவது நன்றாக எழுதியிருப்பார்கள். மாலையில் தேம்ஸின் தென்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். அங்கேதான் கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் சொல்லாதது.

நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, இலங்கையிலிருந்து வந்த மாணவர்களுக்கு எங்கள் கல்லூரி விடுதியில் புதிதாக ஒரு விதி போட்டார்கள். ஊரில் சொந்த வீடு உள்ள யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் விடுதியைக் காலி செய்ய வேண்டும். சீலனுக்குத் திருச்சியில் தெரிந்த ஒரே குடும்பம் எங்களுடையதுதான். உறையூரில் எங்களுக்கு வீடு இருந்தது. அப்பா அரசு உத்தியோகத்தில் இருந்தார். போலீஸ், விசாரணை என்று ஏதாவது வந்தால் அப்பா வேலைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். அப்பாவிடம் கேட்கவே இல்லை. சீலனிடம், "அப்பா ஊர்ல இல்லடா, வர பத்து நாளாகும்" என்று சொல்லிவிட்டேன். கெடு முடிய நான்கு நாள்தான் இருந்தது.

கெடு முடிந்த அன்று நான் வெளியே போய்விட்டுத் திரும்பினால், அவனுக்கு ஓட்டக் கொடுத்திருந்த என் சைக்கிள் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. "உன் சிநேகிதன் வந்து கொடுத்துட்டுப் போனான்" என்றார் அப்பா. அதாவது, அப்பா ஊரில்தான் இருக்கிறார் என்பதை அவன் பார்த்துவிட்டான். அதன் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன், படிப்பை விட்டுவிட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் முன் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று வந்தான். மாதம் ஒருமுறை கூப்பிடுவான். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "லண்டனுக்கு வா மச்சான்" என்பான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நாள் நெருங்க நெருங்கப் பயம் வந்துவிட்டது.

கலா சாண்ட்விச்சைப் பாதியில் மூடி வைத்தாள். "இன்னிக்கு அவர் வீட்ல ரெண்டு பேரும் லீவு போட்டு உக்காந்திருக்காங்க. நாம இங்க ராஜா கல்லறை பாக்குறோம்" என்றாள்.

வியாழன் கிரீனிச். வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரம். லண்டனில் நான் உண்மையாகவே பரிந்துரைப்பது இந்தப் படகுப் பயணத்தைத்தான். மேல்தட்டில் காற்று பலமாக அடிக்கும், ஸ்வெட்டர் அவசியம். வானாய்வுக் கூடத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. குன்றின்மேல் நின்று நகரத்தைப் பார்க்கக் காசில்லை. திரும்பும்போது ஓட்டுநர் இல்லாத ரயிலில் முன் சீட்டைப் பிடித்தால் நீங்களே ஓட்டுவதுபோல் இருக்கும். கலா அங்கே உட்கார்ந்து வந்தாள். "நாளைக்கு நீங்க வரலைன்னா நான் மட்டும் போவேன்" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் பரிசுப் பொருள்கள் வாங்கப் போனோம். அங்கிருந்து விக்டோரியா லைனில் வால்தம்ஸ்டோ இருபது நிமிடம், கடைசி நிறுத்தம். இரண்டரைக்கு ஏறியிருக்க வேண்டும். நான் ஒரு கடையில் சட்டை பார்த்தேன், இன்னொரு கடையில் பை பார்த்தேன். கலா இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினாள். வால்தம்ஸ்டோவில் இறங்கும்போது மணி நாலு இருபது.

சீலன் டிரைவர் சீருடையோடு டிக்கெட் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். தலை முழுக்க நரை. வீட்டுக்குப் போய் உடை மாற்றினால் நாங்கள் வந்துவிடுவோமோ என்று மூன்று மணியிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறான். என்னைக் கட்டிப்பிடித்தான். கலாவிடம், "வாங்கோ தங்கச்சி, களைச்சுப்போனீங்களோ?" என்றான். "கெதியா வாங்கோ, ஓரிடம் காட்டவேணும், பூட்டிப்போடுவாங்கள்" என்று காரை நோக்கி நடந்தான்.

அந்த இடம் வால்தம்ஸ்டோ ஈரநிலம். லண்டனுக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள், அவற்றைச் சுற்றி நடைபாதை, நாரையும் நீர்க்காகமும். அனுமதி இலவசம். சுற்றுலாப் புத்தகங்களில் அதிகம் இருக்காது. காரில் பத்து நிமிடம். வாசலுக்குப் போனபோது மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு மூடுவதால் இனி உள்ளே விட மாட்டோம் என்று வாசலில் நின்ற பெண் பணிவாகச் சொல்லிவிட்டார். சீலன் அவரிடம் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் கெஞ்சினான். பிறகு வேலி ஓரமாக எங்களைக் கூட்டிப்போய், கம்பி வழியே தண்ணீரைக் காட்டினான். "லண்டனுக்கு வந்த புதுசில வேலை இல்லாமல் இருக்கேக்க, வேலிக்கு வெளிய நிண்டு இதைத்தான் பாக்கிறனான். மன்னார்க் கடற்கரைப் பக்கம் மாதிரி ஒரு நினைப்பு. புதன்கிழமை காலமை உங்களைக் கூட்டிக்கொண்டு வர நினைச்சனான்."

கலா கொஞ்சம் முன்னால் நடந்து போனாள். வேண்டுமென்றேதான்.

"சீலா, அன்னிக்கு எங்கப்பா ஊர்லதான் இருந்தார்" என்றேன்.

"தெரியும். சைக்கிள் தர வரேக்க அவர்தானே கதவு திறந்தவர். இருத்தி வச்சு, கோப்பி தந்தவர். படிப்பு எப்பிடிப் போகுது எண்டு கேட்டவர். நல்லாப் போகுது எண்டு சொன்னன்."

"ஏன்டா அவர்கிட்ட கேட்கல?"

"கேட்டா நீ பொய் சொன்னது அவருக்குத் தெரிஞ்சிடும். உன்னைப் போட்டுக்குடுத்த மாதிரி ஆகிடும் எண்டு யோசிச்சன். இருபது வயசு. மண்டபத்துக்குப் போய் ஒரு மாசத்துக்குப் பிறகுதான், கேட்டிருக்கலாம் எண்டு பட்டது. அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், ரவி. அவரோட கதைச்ச உடனயே எனக்கு விளங்கிட்டுது."

அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. போட்டிருப்பார் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். "மன்னிச்சிடுடா" என்றேன். சொல்லிப் பார்த்தால் அது மிகச் சின்ன வார்த்தையாக இருந்தது.

சீலன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான். "கோவம் கனகாலம் இருந்தது. பிறகு வேலை, பிள்ளையள், வீட்டுக்கடன் எண்டு அது தேஞ்சு போச்சு. இந்த ரெண்டு வருசமா உன்னோட கதைக்கேக்க அதை நான் நினைச்சதே இல்லை. ஆனா செவ்வாய்க்கிழமை நீ டிக்கெட் போட்டிட்டன் எண்டு சொன்னாய் பார், உன்ர குரல் அண்டைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அதே குரல். அதுதான்டா எனக்கு நொந்தது."

இருபது வயதில் செய்ததற்குப் பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். ஐம்பத்துநாலு வயதில், எனக்காக ஒரு நாளை ஒதுக்கி வைத்த மனிதனிடம் செய்ததற்கு என்ன சொல்வது? சீலன்தான், "வா, ஜெசிந்தா பாத்துக்கொண்டிருப்பாள்" என்று என் தோளைத் தட்டினான்.

அவர்கள் வீட்டில் இடியப்பம், சொதி, மீன் குழம்பு. "குழம்பு புதன்கிழமை வச்சது அக்கா, பிரிட்ஜில இருந்தது, குறை நினைக்காதேங்கோ" என்று ஜெசிந்தா கலாவிடம் சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கலாவும் ஜெசிந்தாவும் போனில் பிள்ளைகளின் படங்களைக் காட்டிக்கொண்டார்கள். சீலன் ஒன்றும் நடக்காததுபோல் லண்டன் ட்ராஃபிக்கைப் பற்றிப் பேசினான். அவனுக்கு மறுநாளும் விடியற்காலை ஷிப்ட். ஏழரைக்கு ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். அடுத்தமுறை எங்கட வீட்டிலதான் நிக்கவேணும் என்று கலாவிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐந்து நாளில் எல்லாம் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். டவருக்கு அரை நாள், படகுக்கும் கிரீனிச்சுக்கும் ஒரு நாள் போதும். அருங்காட்சியகங்கள் பல இலவசம், மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மாடிப் பஸ்ஸில் இரண்டு பவுண்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். மேல்மாடி முன் சீட்டில் உட்காருங்கள். ஈரநிலத்துக்குப் போனால் காலையிலேயே போய்விடுங்கள். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், முதல் நாளை அவருக்குக் கொடுங்கள். நகரம் எங்கேயும் போய்விடாது.

ஊர் திரும்பி இரண்டு வாரம் நான் சீலனைக் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை. பிறகு நான் கூப்பிட்டேன், பேசினான், சுருக்கமாக. எங்கள் விசா ஆறு மாதத்துக்கானது, மார்ச் வரை இருக்கிறது. பள்ளியில் சம்பளமில்லா விடுப்புக் கேட்டிருக்கிறேன். போன ஞாயிறு அவனிடம், "நாலு நாள் வரலாம்னு இருக்கேன். எங்கேயும் சுத்திப் பாக்க இல்ல, உன்னைப் பாக்கத்தான்" என்றேன்.

"ஓம், வா" என்றான். கூடவே, "முதல் நீ வந்து இறங்கு. அதுக்குப் பிறகு ஷிப்ட் மாத்துறன்" என்றான்.