கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஓவியம் படிக்கிறாள். மயிலாப்பூரில் அவள் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று நானும் என் நாத்தனாரும் பார்க்கப் போனோம். கூச்சத்தில் நான் ஓரமாகவே நின்றேன்.

ஒரு சட்டத்தில் படமே இல்லை. வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி, நடுவில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. முகம் கழுவும்போது கழற்றி ஒட்டி வைப்போமே, அப்படி.

"கிட்ட வா ஆயா. நீ நின்னாத்தான் அது படம்," என்றாள் அந்தப் பெண்.

நின்றேன். பொட்டு சரியாக என் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு, பொட்டு வைத்த அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

"இந்த வயசுல இன்னா அண்ணி, சோக்கு கேக்குதா உனக்கு?" என்றாள் நாத்தனார். அவளும் புருஷனை இழந்தவள்தான். கருமாதியன்று என் குங்குமத்தை அழித்தது அவள் கை. அதை நான் மறந்ததில்லை.

வெட்கப்பட்டு விலகினேன். வாசல்வரை போய்த் திரும்பினால் பின்னால் நாத்தனாரைக் காணோம். கண்ணாடி முன்னால் கொஞ்சம் குனிந்து, பொட்டுக்கு நேராக நெற்றியை வைத்தபடி நின்றிருந்தாள்.

"இரு அண்ணி, வந்துகினே கீறேன்," என்றாள். ஆனால் நகரவில்லை.

இத்தனை நாள் அவள் கையைத்தான் நினைத்திருந்தேன். அவள் நெற்றியை நினைத்துப் பார்த்ததே இல்லை.

பொட்டைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு, இருவரும் வெறும் நெற்றியோடு பஸ் ஏறினோம்.